பி16 பாசிட்டிவ்: சிறுநீர்ப்பை புற்றுநோய் அறிக்கையில் ஒரு வரி செய்த வேலை

வட சென்னையில் ஒரு சின்ன பரிசோதனைக்கூடத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருக்கிறேன். இங்கே எழுதியிருப்பது எங்கள் மேசையிலிருந்து போன ஓர் அறிக்கையைப் பற்றியது. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. எழுத வேண்டிய ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டிருந்தோம், அவ்வளவுதான். நோயாளியும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளிக்கு வயது 58. வீடு கொருக்குப்பேட்டையில். மாதவரம் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் 30 வருடத்துக்கு மேல் ஸ்ப்ரே பெயின்டராக இருந்தவர். மாஸ்க் போடும் வழக்கமில்லை, மூக்கை மூடி ஒரு கர்ச்சீஃப் கட்டுவதோடு சரி. கையில் ஒட்டிய பெயின்டைத் தின்னர் ஊற்றித்தான் கழுவுவார். தினமும் ஒரு கட்டு பீடி. சர்க்கரை, பிரஷர் கிடையாது. சிறுநீர்க் குழாய் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் இருந்ததில்லை, சிறுநீரக மாற்று சிகிச்சை எதுவும் நடக்கவில்லை. கடைசி இரண்டும் ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

பீடி பற்றியும் பெயின்ட் பற்றியும் எங்களுக்கு வந்த விண்ணப்பப் படிவத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வயது, பால், 'சிறுநீர்ப்பைக் கட்டி' என்பது மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி சொல்லித் தெரிந்தது.

வலியில்லாத ரத்தம்

கத்திரி வெயிலில், மே மாதம் ஒருநாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலியில்லை, எரிச்சலில்லை. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சூடு. இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம். இரண்டே நாளில் தெளிந்துவிட்டது.

இந்த நோய் ஆளை ஏமாற்றும் இடம் இதுதான். சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து வரும் ரத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். தானாக நிற்கும்போது கடைசியாக எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். ஜூலையில் மறுபடி வந்தபோது மருந்துக் கடையில் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டார், நின்றது. அப்புறம் ஒரு கிளினிக்கில் சிறுநீர் பார்த்தார்கள். சிவப்பணு நிறைய இருந்தது, சீழ் அணு ஒன்றிரண்டுதான், கல்ச்சரில் கிருமி வளரவில்லை. அப்படியிருந்தும் இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். கிருமியே வளராதபோது எதைக் கொல்ல இந்த மருந்து என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ரத்தம் கட்டி கட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டது. அப்போதுதான் ஆஸ்பத்திரி, ஸ்கேன். சிறுநீர்ப்பையின் இடது பக்கச் சுவரில் மூன்று சென்டிமீட்டருக்குக் கட்டி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில், மாதக் கடைசியில் ஸ்கோப் வழியாகச் சுரண்டி எடுத்தார்கள்.

ஸ்லைடில் பார்த்தது

பாட்டிலில் வந்தவை பழுப்பும் வெளுப்புமான சின்னச் சின்னத் துண்டுகள். ஸ்லைடில் சந்தேகத்துக்கு இடமில்லை: வீரியம் அதிகமான யூரோதீலியல் புற்றுநோய், அதாவது சிறுநீர்ப்பையின் உள்தோலிலிருந்தே கிளம்பியது. உள்தோலுக்கு அடியில் இருக்கும் இணைப்புத் திசுவுக்குள் இறங்கியிருந்தது. கால்வாசி இடத்தில் செல்கள் தட்டையாக, கெரட்டின் முத்துக்களோடு, தோல் புற்றுநோய் போன்ற தோற்றத்துக்கு மாறியிருந்தன. இதை ஸ்குவாமஸ் மாற்றம் என்போம்.

வந்த துண்டுகள் ஒன்றிலும் தசை இல்லை. நோய் தசைக்குள் போயிருக்கிறதா என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்று முடிவாகும். தசையே வராவிட்டால் அதைச் சொல்ல வழியில்லை. இப்படிப்பட்ட நிலையில் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும். அதை அறிக்கையில் தெளிவாகவே எழுதினோம். அந்த வரியை வீட்டில் யாரும் படிக்கவில்லை.

மார்க்கர் போட்ட கதை

ஸ்குவாமஸ் பகுதி இருப்பதால் மார்க்கர், அதாவது கட்டியின் செல்களில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று சாயமிட்டுக் காட்டும் சோதனை, பார்க்கச் சொல்லி அறுவை மருத்துவர் கேட்டிருந்தார். எங்களிடம் அந்த வசதி இல்லாததால் பிளாக்கை, அதாவது திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை, ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினோம். அவர்களுடைய தொகுப்பில் பி16 என்ற புரதமும் சேர்ந்தே வரும். அது தேவையா என்று நான் யோசிக்கவில்லை. தொகுப்பில் இருந்தது, வந்தது.

சாயமிட்ட ஸ்லைடுகள் செப்டம்பர் இரண்டாவது வாரம் வந்தன. காட்டா3, பி63 இரண்டும் பாசிட்டிவ். கட்டி சிறுநீர்ப்பையைச் சேர்ந்ததுதான் என்பதோடு அது ஒத்துப்போனது. செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 அறுபது சதவீதம். பி53 என்ற இன்னொரு புரதம் பத்தில் ஒன்பது செல்லுக்கு மேல் உட்கருவில் அடர்பழுப்பு. பி16 ஸ்குவாமஸ் பகுதியில் மட்டுமில்லாமல் கட்டி முழுக்கப் பரவலாக, அடர்த்தியாக.

இதையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு, பி16க்கு எதிரே 'பாசிட்டிவ்' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டேன். கருத்து எழுத வேண்டிய கட்டம் காலி. சனிக்கிழமை சாயங்காலம், நாற்பது கேஸ் மேசையில் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் வேலை குறைவான நாளாக இருந்திருந்தாலும் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருப்பேன். அது எங்கள் பழக்கம்.

அறிக்கை வீட்டுக்குப் போன பிறகு

அறிக்கை மகனுடைய வாட்ஸ்அப்புக்குப் போனது. மருத்துவரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருந்ததால் அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பார்த்திருக்கிறார். 'பி16 பாசிட்டிவ்' என்று தேடினால் வருவதெல்லாம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும்தான். அடுத்த வரியிலேயே எச்பிவி வைரஸ், அதற்கடுத்த வரியில் உடலுறவு மூலம் பரவும் என்பது. எழுதியவர்கள்மீது குற்றமில்லை. அந்த உறுப்புகளுக்கு அது சரிதான்.

ஆனால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நோயாளிக்கு டம்ளர், தட்டு தனியாக வந்தது. ஒரே குளியலறைதான், அவர் போய் வந்த பிறகு மருமகள் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் குழந்தையை விடமாட்டார். மனைவி பேசுவதை நிறுத்தினார். பட்டறையில் வேலை செய்த வருடங்களில் அவர் வெளியூர் போன கணக்கையெல்லாம் அவருடைய அக்கா வந்து எடுத்தார். இவர் மறுத்துப் பார்த்தார், அப்புறம் மறுப்பதையும் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் விட்டுவிட்டார். இரண்டாவது சுரண்டலுக்குக் கொடுத்த தேதி அக்டோபர் முதல் வாரத்தில் வந்து போய்விட்டது.

அந்த அம்மா லேபுக்கு வந்த நாள்

அக்டோபர் நடுவில் ஒரு மத்தியானம் அவர் மனைவி எங்கள் லேபுக்கு வந்தார். ரயில்வே கேட் போட்டுவிட்டதால் இறங்கி நடந்தே வந்ததாகச் சொன்னார். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் எட்டாக மடித்த எங்கள் அறிக்கை. பி16 வரிக்கு அடியில் நீல பேனாவால் இரண்டு கோடு. காகிதம் அந்த இடத்தில் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்ட கோடு.

"மேடம், வூட்டுக்காரரு குடிப்பாரு, பீடி புடிப்பாரு, அதெல்லாம் இல்லன்னு சொல்லல. இதுவும் உண்டான்னு மட்டும் சொல்லிடுங்க. எனக்கும் இருக்குமா?"

நோயாளியிடமோ வீட்டாரிடமோ நேரடியாகப் பேசுவது எங்கள் துறையில் பழக்கமில்லை. 'உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்' என்று அனுப்பிவிடுவோம். வாய் வரைக்கும் வந்த அந்த வாக்கியத்தை அன்றைக்கு விழுங்கிவிட்டேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஸ்லைடுகளை மறுபடி எடுத்தேன்.

பி16 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைக்கும் ஒரு புரதம் ஆர்பி. அதைச் செயலிழக்க வைக்கும் நொதிகளைத் தடுத்து ஆர்பிக்குத் துணையாக நிற்பது பி16. ஆர்பி ஒழுங்காக வேலை செய்யும்வரை பி16 கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆர்பி போய்விட்டால் செல் மேலும் மேலும் பி16 செய்துகொண்டே போகும். பிடித்து நிறுத்தத்தான் ஆர்பி இல்லையே, அதனால் பயனிருக்காது.

எச்பிவி தன்னுடைய ஈ7 புரதத்தால் ஆர்பியை அழிக்கும். கர்ப்பப்பை வாயிலும் தொண்டையிலும் பி16 அடர்த்தியாக இருந்தால் வைரஸ் இருக்கலாம் என்று சொல்வது இந்தக் காரணத்தால்தான். சிறுநீர்ப்பையில் நிலைமை வேறு. இங்கே வீரியம் அதிகமான கட்டிகளில் ஆர்பி மரபணுவே பழுதாகிவிடுவது சகஜம். வைரஸ் எட்டிப் பார்க்காமலேயே பி16 ஏறிவிடும். வேறு சில கட்டிகளில் பி16 மரபணுவே அறுந்துபோய், சாயம் துளியும் பிடிக்காது.

அந்த அம்மாவுக்கு இப்படிச் சொன்னேன்: தெருவில் குடம் வரிசையாக நிற்கிறது என்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்துவிடும். மோட்டார் எரிந்ததா, யாராவது பைப்பை உடைத்தார்களா என்பதைக் குடம் சொல்லுமா? பி16 அந்தக் குடம். ஆர்பி வேலை செய்யவில்லை என்று சொல்லும், யார் கெடுத்தது என்று சொல்லாது. குடிநீர் லாரிக்குக் குடம் போட்டுப் பழகிய ஊர்க்காரர், உடனே பிடித்துக்கொண்டார். கல்லூரியில் படம் போட்டு நான் சொல்லிக்கொடுத்ததில் எதுவும் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் ஏறியதில்லை.

இன்னொரு துப்பு எங்கள் அறிக்கையிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. எச்பிவியின் ஈ6 புரதம், செல்லிலேயே இருக்கும் இன்னொரு புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு பி53ஐச் சிதைத்துவிடும். அதனால் வைரஸால் வந்த கட்டியில் பி53 பெரும்பாலும் மங்கலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். இவருடைய கட்டியில் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் பி53 குவிந்திருந்தது. மரபணுவில் மாற்றம் வந்து, சிதையாமல் தேங்கிப்போன பி53 அப்படித்தான் தெரியும். பி16ஐயும் பி53ஐயும் சேர்த்துப் படித்திருந்தால் வைரஸ் பக்கம் சாய்வதற்கு இடமே இல்லை. இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்த வரிகள்.

வைரஸுக்கும் சிறுநீர்ப்பைக்கும் சம்பந்தமே இல்லையா

இல்லை என்று அடித்துச் சொல்லக் கூடாது. சில கட்டிகளில் எச்பிவி உண்மையாகவே இருக்கும். அதிகம் பேசப்படுவது, முதுகுத்தண்டு பாதிப்பால் வருடக்கணக்கில் குழாய் போட்டு வாழ்பவர்களிடம் ஸ்குவாமஸ் சாயலில் வரும் கட்டிகள். ஆனால் எச்பிவியால் வருபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதிசெய்த புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய், ஆண்குறி, ஆசனவாய், தொண்டை போன்றவை உண்டு, சிறுநீர்ப்பை கிடையாது.

இன்னொன்று பிகே வைரஸ். 1971இல் சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரிலிருந்து கண்டுபிடித்து, அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, சத்தமில்லாமல் உடம்பில் தங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மருந்து சாப்பிடுபவர்களிடம் தலைதூக்கும். இதன் பெரிய டி புரதம் ஆர்பி, பி53 இரண்டையும் பிடித்து முடக்கும். மாற்று சிறுநீரகம் வைத்தவர்களின் சில சிறுநீர்ப்பைக் கட்டிகளில் அந்தப் புரதத்தையே சாயமிட்டுப் பார்க்க முடிகிறது. அதே முகமை இதை 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் தரக்கூடும் என்ற அளவில், வைத்திருக்கிறது.

குழாயும் மாற்று சிறுநீரகமும் இவருக்கு இல்லை என்று முதலிலேயே குறித்தது இதற்காகத்தான். இவருக்கு இருந்தது பீடியும் பெயின்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகை. பெயின்டர் வேலையையே அந்த முகமை புற்றுநோய் தரும் தொழில் என்று முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. சாயத் தொழிலாளர்களிடம் இந்த நோயை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் கவனித்து எழுதியது 1895இல். புகையில் இருக்கும் நச்சு நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போய், சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரோடு பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. பீடி பிடிப்பவருக்குச் சிறுநீர்ப்பையில் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, எச்பிவியை நேரடியாகத் தேடுவது. உள்ளபடி சொன்னால் சிகிச்சைக்கு அது தேவையில்லை. வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவருக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆனால் எங்கள் ஒரு வரியால் கிளம்பிய சந்தேகத்தை வாய்வார்த்தையால் தீர்க்க முடியாது என்று பட்டது. காகிதத்தில் வந்தது காகிதத்தில்தான் போகும். வெறும் டிஎன்ஏ சோதனை வேண்டாம் என்று வைத்தோம், பக்கத்துத் திசுவில் ஒட்டிய துளியையும் அது பிடித்துக் குழப்பும். கட்டியின் செல்லுக்குள்ளேயே வைரஸின் ஈ6, ஈ7 ஆர்என்ஏ உருவாகிறதா என்று ஸ்லைடில் காட்டும் சோதனையைக் கேட்டோம். செலவு எங்கள் லேபுடையது. பத்து நாளில் நெகட்டிவ் என்று வந்தது, ஒப்பிடுவதற்கு வைத்த ஸ்லைடுகளும் சரியாக இருந்தன.

இரண்டாவது, திருத்திய அறிக்கை. அதில் பி16க்கு எதிரே எழுதியது: 'இந்த உறுப்பில் இது எச்பிவி தொற்றைக் குறிக்காது. நேரடிச் சோதனையில் எச்பிவி இல்லை.' அறுவை மருத்துவரிடம் போனில் பேசி, கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே உட்காரவைத்துச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். மகனையும் வரச் சொன்னார்.

மனைவியிடம் தனியாக ஒன்று சொன்னேன்: கணவரால் உங்களுக்குப் பயமில்லை, ஆனால் உங்கள் வயதில் எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டிய கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை நீங்கள் இதுவரை செய்ததில்லை, அதைச் செய்துவிடுங்கள். செய்துகொண்டார். பிரச்சினை எதுவும் இல்லை.

பின்னர் நடந்தது

இரண்டாவது சுரண்டல் நவம்பர் கடைசியில்தான் நடந்தது. நடுவில் தீபாவளி, அப்புறம் மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். முதல் அறுவையிலிருந்து 13 வாரம் ஆகியிருந்தது. இந்த முறை தசை வந்திருந்தது, அதில் நோய் இல்லை. பழைய தழும்புக்கு அடியில் நான்கு மில்லிமீட்டருக்கு மிச்சக் கட்டியும், பக்கத்தில் உள்தோலோடு நிற்கும் ஆரம்பநிலைப் புற்றுநோயும் இருந்தன. ஆறு வாரத்துக்குள் பார்த்திருந்தால் அந்த ஆரம்பநிலைப் பகுதி இருந்திருக்காதா? என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தாமதத்தால் கெட்டது ஒன்றுமில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவது பாதுகாப்பானது என்று அறுவை மருத்துவர் சொன்னார். ஸ்குவாமஸ் மாற்றத்தையும் மிச்சக் கட்டியையும் பார்க்கும்போது எனக்கும் அதுதான் சரியென்று தோன்றியது. நோயாளி ஒப்பவில்லை. வயிற்றில் பை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன் பிடிக்க முடியாது என்றார். சரி, ஆபத்தைச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு, பிசிஜி தொடங்கினார்கள். குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் அதே உயிருள்ள கிருமியைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுவது. 1976இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் எழுதிய சிகிச்சை. வாரம் ஒன்றாக ஆறு முறை, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை மூன்று மூன்றாக.

மருந்தை உள்ளே விட்டபின் இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு, உட்கார்ந்து சிறுநீர் போய், ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் திரவம் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். இல்லாத வைரஸுக்குப் பயந்து பூட்டிய அதே குளியலறையில், இப்போது உண்மையிலேயே உயிரோடு இருக்கும் கிருமிக்காக மருமகள் பிளீச்சிங் ஊற்றினார். இந்த முறை யாரும் தட்டை ஒதுக்கவில்லை. என்ன, ஏன் என்று முன்கூட்டியே நர்ஸ் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

இடையில் மகன், ஸ்கோப்புக்குப் பதிலாகச் சிறுநீரிலேயே பார்க்கும் புரதச் சோதனை இருக்கிறதாமே என்று கேட்டார். என்எம்பி22, பிடிஏ என்று உண்டு. ஆனால் ரத்தம், கல், தொற்று, பிசிஜியால் வரும் அழற்சி, எது இருந்தாலும் இவை பாசிட்டிவ் காட்டிவிடலாம். இன்னொரு பாசிட்டிவை அந்த வீட்டுக்குள் அனுப்ப எனக்கு மனமில்லை. ஸ்கோப்பையே தொடரச் சொன்னோம்.

பிசிஜி தொடங்கி 14 மாதம் ஆகிறது. இதுவரை எடுத்த ஸ்கோப்புகளில் புதுக் கட்டி இல்லை, சிறுநீர்ச் செல் பரிசோதனையும் சுத்தம். பீடியை ஐந்து மாதம் விட்டிருந்தவர் மறுபடி நாளுக்கு இரண்டு மூன்று என்று தொடங்கியிருக்கிறார்.

எங்கள் லேபில் மாறியவை

சிறுநீர்ப்பைத் திசுவுக்கு பி16ஐ இப்போது தனியாகக் கேட்டால்தான் போடுகிறோம். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சிறுநீர்ப்பைக்குப் பரவியதா என்ற சந்தேகம் வரும்போது அதற்கு இடமுண்டு, அப்போதும் எச்பிவி நேரடிச் சோதனையோடு சேர்த்துத்தான். மார்க்கர் பட்டியலில் கருத்துக் கட்டம் காலியாக இருந்தால் கணினி அறிக்கையை வெளியே விடாது. இதற்காக மென்பொருள்காரரிடம் மூன்று மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. விண்ணப்பப் படிவத்தில் புகை, தொழில், குழாய், உறுப்பு மாற்று என்று நான்கு கேள்வி சேர்த்தோம்; பாதிப் படிவங்கள் இன்னும் வெறுமையாகத்தான் வருகின்றன. மறுபடி சுரண்ட வேண்டும் என்ற வரி இப்போது முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில், தமிழிலும் இருக்கிறது.

புற்றுநோய் அறிக்கை முதலில் மருத்துவருக்குப் போக வேண்டுமா, நோயாளியின் போனுக்கா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தி வைக்கலாம் என்கிறார் லேப் மேலாளர். அது அவர்களுடைய அறிக்கை, நிறுத்தி வைக்க நாம் யார் என்பது என் கட்சி. போன வாரமும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.